வியாழக்கிழமை, பதினொன்று பத்து

ஜனவரி 2, வியாழன்

அரையாண்டு விடுமுறை முடிந்து முதல் நாள். காலை எட்டரைக்கே வட்டார வள மையத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி ஒரு லட்டு தருவார்கள் என்று நினைத்துப் போனால், எங்கள் மேற்பார்வையாளர் சிவசைலம் சார் சுவரில் படம் ஓட்டிக்கொண்டு நிற்கிறார். "மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வரை, ஒரு குழந்தையும் விடுபடாமல், தரமான கல்வி." பதினாலு வருடமாக இந்த வரியைப் பார்க்கிறேன். முன்பு பச்சை எழுத்தில் இருந்தது, இந்த வருடம் நீலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

செய்தி என்னவென்றால், பிப்ரவரியில் சென்னையிலிருந்து குழு வருகிறது. நம் வட்டாரம்தான் மாவட்டத்துக்கே மாதிரி வட்டாரமாம். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். "நாமதான் எழுதிக் குடுத்திருக்கோம் டீச்சர்," என்றார், வெட்கமே இல்லாமல். "எல்லாரும் நல்ல போட்டோவா எடுத்து அனுப்புங்க. பிள்ளைங்க சிரிச்ச முகமா இருக்கணும்." சிறப்புப் பயிற்றுநராக நான் பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாயை மூடவே வராது. இந்த மனிதர் சிரிக்கச் சொல்கிறார்.

பதினொரு மணிக்கு ஓடைப்புதூர் போனேன். ஒவ்வொரு வியாழனும் அங்கேதான். இசக்கிராஜாவுக்குப் பத்து வயது. மூளை முடக்குவாதம். தலை நிற்காது, உட்கார வராது, பேச்சும் கிடையாது. ஆனால் எல்லாம் புரியும். படத்தைக் காட்டி ஆடு எங்கே என்றால் கண் சரியாக ஆட்டுக்குப் போகும். ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் பெயர் இருக்கிறது. பள்ளிக்கு வர இயலாதவர் என்று மூன்று வருடத்துக்கு முன் மருத்துவ முகாமில் மதிப்பிட்டு, வீட்டுவழிக் கல்வியில் சேர்த்தாயிற்று. அன்றிலிருந்து நான்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம்.

அம்மா முத்துப்பேச்சி தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலைக்குப் போய்விடுவாள். அப்பன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் அக்காக்காரி இருப்பாள். கெட்டிக்காரப் பெண். ஒருமுறை சொன்னால் போதும். இடுப்பை எப்படிப் பிடிக்க வேண்டும், கணுக்காலை எப்படி மடக்க வேண்டும் என்று பயிற்சி படித்தவர்களைவிடச் சுத்தமாகச் செய்வாள். நான் எழுதி ஒட்டிய பயிற்சி அட்டவணை இன்னும் சுவரில் இருக்கிறது: காலை பத்து மணி, மதியம் மூன்று மணி, தினமும் முக்கால் மணி நேரம். மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை. இந்த வட்டாரத்தில் காகிதத்தில் எழுதியபடியே நடக்கிற ஒரே காரியம் இதுதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

போட்டோ எடுத்தேன். தலைமை அலுவலகம் கொடுத்திருக்கும் ஆப்பில்தான் எடுக்க வேண்டும். தேதி, மணி, இடம் எல்லாம் படத்தின் அடியில் தானாக விழும். எங்களை அவ்வளவு நம்புகிறார்கள். போனைக் குடத்தில் சாய்த்து வைத்தேன். அவன் தலை நிற்க வேண்டுமே, அக்காக்காரி பின்னால் குத்தவைத்துத் தாங்கிக்கொண்டாள். ஆசிரியரும் மாணவரும் மட்டும்தான் படத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. "உன் தல தெரியுது பாரு, நல்லாக் குனி," என்றேன். குனிந்தாள்.

ஜனவரி 6, திங்கள்

மகள் ஷெரினை அவள் பள்ளியில் விடப் போனேன். பெல்ட் பழசாகிவிட்டது என்று வாசலிலேயே அழுகை. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், பெல்ட்டுக்கு அழுகிறாள். அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே என்று எங்கள் மையத்தில் ஒருவர் போன வாரம் குத்தலாகக் கேட்டார். அவருடைய மகன் எங்கே படிக்கிறான் என்று திருப்பிக் கேட்டதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு நாள் முழுக்கப் பயிற்சி. தலைப்பு: "உள்ளடக்கிய வகுப்பறையில் மகிழ்ச்சி." பலூன் ஊதச் சொன்னார்கள். ஐம்பது வயது ஆம்பிளைகள் பலூன் ஊதியதைப் பார்க்கத்தான் எனக்கு இந்த ஜென்மம்.

ஜனவரி 9, வியாழன்

ஓடைப்புதூர். படம் எடுத்தாயிற்று. திரும்பும் வழியில் ஸ்கூட்டி பஞ்சர்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் லீவு. திரைச்சீலைகளைத் துவைத்தேன். சிவசைலம் சார் லீவு நாளிலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்: "சிறந்த வீட்டுவழிக் கல்விப் படம் ஒன்று பிளெக்ஸில் வரும்." கீழே பதினாறு பேர் கைகூப்பி நன்றி போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

இன்று அக்காக்காரி ஒரு தினுசாக இருந்தாள். நான் இசக்கிக்கு வண்ண அட்டை காட்டிக்கொண்டிருக்கும்போது, மடியிலிருந்து ஒரு கிழிந்த கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். ஆறாம் வகுப்பு.

"டீச்சர், பின்னத்தக் கூட்டும்போது அடியில உள்ள நம்பரு வேற வேறயா இருந்தா என்ன செய்யணும்?"

வேலை நேரத்தில் இதென்ன கேள்வி. எனக்கு அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. "அதெல்லாம் உங்க சார்கிட்ட கேளு. தம்பி தோள் சாயுது பாரு," என்றேன். சரி டீச்சர் என்று புத்தகத்தை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று நான் விசாரித்ததே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஒருமுறை கேட்டிருக்கிறேன். "இன்னைக்கி லீவு டீச்சர்," என்றாள். எந்த வருடம் என்று நினைவில்லை. நான் எதற்கு இதை இங்கே எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

ஓடைப்புதூர்ப் பள்ளிக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அங்கே தலைமையாசிரியர் பால்வண்ணன். நடுநிலைப் பள்ளி, எட்டாவது வரை, மூன்று ஆசிரியர்கள். மனிதர் சென்னைக் குழுவுக்காகச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கழிப்பறை. கைப்பிடி, அகலக் கதவு எல்லாம் உண்டு. கதவில் பூட்டு. உள்ளே என்ன என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்: இலவச ஷூ மூட்டைகள், கேரம் போர்டு, உடைந்த நாற்காலி, போன தேர்தலின் வாக்குச்சாவடிப் பலகை.

"இது உங்களுக்கே நல்லா இருக்கா சார்?" என்றேன்.

"இதுக்கு வாறதுக்கு ஒரு பிள்ள உண்டுமா டீச்சர் எங்கிட்ட? இருக்கிற ஒருத்தனையும் நீங்கதான வீட்டுல வச்சிருக்கிய," என்றார் பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டே. சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

இவரெல்லாம் என்னைச் சொல்கிறார். வெயிலில் வீடு வீடாக அலைகிறவள் நான். கழிப்பறையில் கேரம் போர்டு வைத்திருக்கும் ஆளுக்கு வாயைப் பார். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதும் கோபம் அடங்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பிளெக்ஸ் வந்துவிட்டது. பத்தடிக்கு ஆறடி. என் படம்தான்! ஜனவரி இரண்டாம் தேதி எடுத்தது. நீலச் சேலையில் நான், பக்கத்தில் இசக்கி, அவன் தலை நேராக நிற்கிறது. இரண்டு காதுக்கும் பக்கத்தில் இரண்டு கை. சின்னக் கைகள், நகத்தில் கரி. மற்றபடி நல்ல படம். ஷெரினுக்கு அனுப்பினேன். "அம்மா யூ லுக் ஓல்ட்" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 12, புதன்

சென்னைக் குழு வந்தது. மூன்று கார். இறங்கியதும் இளநீர், மாலை, ஒயிலாட்டம். வரவேற்புக்கு வெயிலில் நிற்க வைத்த பிள்ளைகளில் ஒன்று மயங்கி விழுந்தது. அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆட்டம் தொடர்ந்தது. சிவசைலம் சார் புதுச்சட்டையில், விலைச்சீட்டு காலருக்குள் தொங்கிக்கொண்டிருக்க, முன்னால் ஓடி ஓடி வழி காட்டினார். நான் சொல்லவில்லை. தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழுத் தலைவி ஓர் அம்மாள். கண்ணாடி, காட்டன் சேலை, அதிகம் பேசாத ரகம். எல்லாப் பிளெக்ஸையும் தலையாட்டிக்கொண்டே கடந்து வந்தவர், என் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது யார் கை?"

"பையனோட அக்கா மேடம்," என்றேன்.

"அவ என்ன படிக்கிறா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிவசைலம் சார் பாய்ந்தார். "எட்டாவது மேடம். அதே ஊர்ப் பள்ளிதான். ரெகுலர் ஸ்டூடன்ட்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, படத்தின் அடியில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். "வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து." பிறகு எங்களைப் பார்த்தார். "வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு எட்டாம் வகுப்புப் பொண்ணு வீட்ல என்ன பண்றா?"

நாங்களே எங்களுக்கு எதிராக மாட்டி வைத்த சாட்சி, பத்தடி அகலத்தில். அச்சடிக்கும்போது ஒருத்தருக்கும் அந்த வரியை வெட்டத் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். "அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல் மேடம்," என்றார் சிவசைலம். காய்ச்சல்காரி தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறாளாம். அம்மாள் இன்னும் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்று கூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவர், "பாத்துக்கோங்க," என்றார். சாப்பாடு தயார் என்று யாரோ வந்து சொன்னார்கள். எல்லோரும் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையிலேயே சிவசைலம் சார் போன். "ஒண்ணும் பயப்படாதீங்க டீச்சர். இனிமே வியாழக்கிழமை விசிட்ட சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாத்திருங்க. ஸ்கூல் விட்ட நேரம். யாரும் கேட்க முடியாது. பிரச்சினை தீர்ந்தது."

இதற்குத்தான் இவரை மேற்பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். மனதுக்குள் திட்டிவிட்டு, சரி சார் என்றேன்.

ஐந்து மணிக்குப் போனேன். முத்துப்பேச்சி இன்னும் வரவில்லை. அக்காக்காரி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "காலையிலயே பாத்துக்கிட்டு இருந்தோம் டீச்சர். வரமாட்டியளோன்னு நெனச்சேன்."

"இனிமே சாயங்காலம்தான் வருவேன்," என்றேன்.

அவள் முகம் மாறிய விதத்தை எழுத வேண்டும். கண் அகலமாகி, வாய் கொஞ்சம் திறந்து, பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எல்லா வாரமுமா டீச்சர்? அப்ப அந்தப் பத்து மணி, மூணு மணியும் சாயங்காலத்துக்கு மாத்திரலாமா?"

"எதுக்கு?"

"நான் பள்ளிக்கூடம் போலாம்லா."

நான் ஏதோ அவளுக்காகத்தான் நேரத்தை மாற்றினேன் என்று நினைத்திருக்கிறது பிள்ளை.

கேட்டேன். ஏன் போகவில்லை என்று இன்றைக்குத்தான் கேட்டேன். அவள் ஐந்தாவது முடிக்கும் சமயம் நான் முதன்முதலில் வந்தபோது, வீட்டில் யாராவது ஒருவர் இருந்து பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேனாம். அம்மா லீவு போட்டால் ஆபீஸில் ஆளை மாற்றிவிடுவார்கள். அதனால் வியாழக்கிழமை மட்டும் இவள் வீட்டில் இருந்தாள். பிறகு நான் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் பத்து, தினமும் மூன்று. "ஒரு நாளும் விடப்படாது, விட்டா காலு மடங்கிரும்னு சொன்னிய டீச்சர்." ஆறாம் வகுப்பில் ஒரு மாதம் பத்து மணிக்கு ஓடி வந்து, திரும்பப் பள்ளிக்கு ஓடி, மூன்று மணிக்கு மறுபடி ஓடி வந்து பார்த்திருக்கிறாள். சார் திட்டினார். பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

அட்டவணையைப் பார்த்தேன். என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு "தவறாமல்" என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர் கேட்டேன். ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

பால்வண்ணனைப் போய்ப் பிடித்தேன். எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் எடுத்துப் போட்டார். பதினொரு பெயர். எல்லாக் கட்டத்திலும் வருகைக் குறி. எது அவள் பெயர் என்று தேடினேன்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். விரல் பட்டியலின் மேலேயே நின்றது. பால்வண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார், நன்றாகப் பார்த்தார். பிறகு ஏழாவது வரியில் விரலை வைத்தார். "ம. பிரமசக்தி."

"பள்ளிக்கு வராத பிள்ளைக்கு தினமும் வருகை போட்டிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்றேன். எதையாவது கத்த வேண்டும்போல் இருந்தது.

"அவ பேர அடிச்சா பிள்ளைங்க எண்ணிக்கை குறையும், ஒரு டீச்சர தூக்கிருவாவ. மத்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்க ஆளு இருக்காது. அதுவும் போக, பள்ளி செல்லாப் பிள்ளன்னு ஒண்ணு வந்தா, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுன்னு உங்க மையத்துலருந்துதான் போன் வருது." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் செஞ்சது தப்புதான். நீங்க வாரா வாரம் அவளப் பாத்தியளே டீச்சர். நான் பாக்கவாவது இல்ல."

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று வாங்கியிருக்கிறாள் பிரமசக்தி. எழுதாத தேர்வு. பின்னம் கூட்டத் தெரியாதவள்.

வீட்டுக்கு வந்தேன். தோசை சுட்டேன். ஷெரின் அறிவியல் செயல்திட்டத்துக்கு தெர்மாகோல் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பயிற்சியைச் சாயங்காலத்துக்குத் தள்ளினாலும் பகல் முழுக்க இசக்கியைத் தனியாக விட முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வழி ரொம்பச் சின்னது. இசக்கியைப் பள்ளிக்குக் கொண்டு வந்துவிட்டால் போதும். சாய்தளம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி கட்டிலுக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது. தம்பி பள்ளியில் இருந்தால் அக்காளும் பள்ளியில் இருப்பாள். பத்து மணிப் பயிற்சியை அங்கேயே பாய் விரித்துச் செய்யலாம். வீட்டிலிருந்து பள்ளி இருநூறு அடி. மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாம். அந்த முகாமில் டாக்டர் என்னிடம்தான் கேட்டார், பையனால் பள்ளிக்கு வர முடியுமா என்று. மணி ஒன்றரை, எல்லோருக்கும் பசி. முடியாது சார் என்றேன்.

சிவசைலம் சாரிடம் வீட்டுவழிக் கல்வியிலிருந்து பள்ளிக்கு மாற்றும் படிவத்தை நீட்டினேன். ஆடிப்போய்விட்டார். "இவன் நம்ம பிளெக்ஸ் பையன் டீச்சர்! சென்னைக்கு அறிக்கை போயிருச்சு. மார்ச் முடியட்டும்."

"அப்ப அந்த மேடத்துக்கு நானே எழுதிக்கிறேன் சார். அது யார் கைன்னு கேட்டாங்களே, விவரமா எழுதுறேன்."

ஒரு நிமிடம் விசிறியைப் பார்த்தார். பிறகு அவருடைய மூளை வேலை செய்தது. அது எப்போதும் இந்த விஷயங்களில்தான் வேலை செய்யும். "காரணம்ங்கிற இடத்துல, 'முந்தைய மதிப்பீடு தவறு'ன்னு எழுதாதீங்க. 'சிறப்புப் பயிற்றுநரின் தொடர் முயற்சியால் மாணவரிடம் முன்னேற்றம்'னு போடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, பையனுக்கும் வேலை நடக்கும்."

பையனிடம் ஒரு முன்னேற்றமும் இல்லை. போன வருடம் எப்படியோ அப்படியே இருக்கிறான். நான் பேனாவை எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவர்களையெல்லாம் எத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன் இந்த நோட்டில்.

பிப்ரவரி 20, வியாழன்

முத்துப்பேச்சி லேசில் சம்மதிக்கவில்லை. "பிள்ளைங்க கூடி வேடிக்க பாக்கும் டீச்சர். ஒண்ணுக்கு வந்தா எவ தொடைப்பா? எம்மவன் எல்லாரும் பாக்க நனைஞ்சி கெடக்கணுமா?"

"ஒரு வாரம் நானே தினம் வாறேன்," என்றேன்.

"ஒரு வாரம் கழிச்சி?"

இப்படி ஒரு கேள்வியை எந்தப் பயிற்சியிலும் யாரும் கேட்டதில்லை. "நான் பாத்துக்கிடுவேம்மா," என்றது பிரமசக்தி. "உன்னய எவ கேட்டா?" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "இவளுக்காவத்தான் சரின்னு சொல்லுதேன். ராத்திரி படுத்துக்கிட்டு வாய்ப்பாடு சொல்லுதா டீச்சர், தூக்கத்துல," என்றாள்.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டு பேரும் பள்ளிக்கு வந்தார்கள். பால்வண்ணன் ஷூ மூட்டைகளைத் தன் அறைக்கு மாற்றி, கழிப்பறையை வெள்ளிக்கிழமையே கழுவி வைத்திருந்தார். அவரைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கை வரவில்லை. கழுவியிருந்தார், அவ்வளவுதான்.

சாய்தளம் ரொம்பச் செங்குத்து. குழுவுக்குக் காட்டப் போட்டது, ஏறுவதற்கா போட்டார்கள்? மூன்று பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒரு சண்டை வந்தது. அவனை மறந்துவிட்டு அதைப் பார்க்கப் போனார்கள். இசக்கியின் கண்ணும் சண்டையின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவன் சத்தமாகச் சிரித்தான். மூன்று வருடத்தில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்பில் சக்தி கடைசி பெஞ்சில். பாவாடையில் கையைத் துடைத்துத் துடைத்து, புத்தகத்தைத் திறந்தாள். பால்வண்ணன் கரும்பலகையில் ஏதோ இயற்கணிதம் போட்டார். அவளுக்கு ஒரு வரி புரிந்திருக்காது. அப்படியே எழுதிக்கொண்டாள், கூட்டல் குறியைக்கூட விடாமல்.

மார்ச் 4, செவ்வாய்

இசக்கி பாயை நனைத்தான். நான் மாற்றிவிட்டேன். ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம். "வீட்டுவழிக் கல்வியிலிருந்து பள்ளிக்கு: ஒரு வெற்றிக் கதை." என் பெயர், சிவசைலம் சார் பெயர், இசக்கி பெயர். புது பிளெக்ஸ் வேறு அடிக்கப் போகிறார்களாம். இந்த முறை பிரமசக்தி படத்தில் இருக்கலாமா என்று கேட்டேன். "அவ எதுக்கு டீச்சர், அவ நார்மல்தான?" என்றார். கடிதத்தைக் கிழித்து ஆபீஸ் குப்பைக்கூடையிலேயே போட்டேன். வேறொரு நகல் கொடுத்தார்.

சாயங்காலம் அரை மணி நேரம் அவளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கிறேன். அடியில் உள்ள எண் வேறு வேறாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நான்காம் நாள்தான் பிடிபட்டது. பிடிபட்டதும் விட்டுவைக்கவில்லை, நோட்டின் அட்டையிலும் போட்டுத் தள்ளியிருக்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

பத்து மணிப் பயிற்சி முடிந்து பாயைச் சுருட்டும்போது சக்தி பக்கத்தில் வந்து நின்றாள். நான் நிமிரும் வரைக்கும் காத்திருந்தாள்.

"டீச்சர், பெரிய பரீட்சையில என்னைய ஃபெயிலாக்கிருங்களேன். சார்ட்ட சொல்லுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"ஒம்பதாப்பு பெரியநத்தத்துலதான இருக்கு. காலையில ஏழே முக்காலுக்கே பஸ்ஸு. நான் போயிட்டா தம்பிய யாரு இங்க கூட்டிட்டு வருவா? அம்மா ஆறரைக்கே போயிருதா. எட்டாப்புலயே இன்னொரு வருசம் கெடந்தா ரெண்டு பேரும் வரலாம்லா."

எனக்கு உடனே பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மழலையர் முதல் மேல்நிலை வரை என்று நீல எழுத்தில் போட்டவர்கள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஏழு கிலோமீட்டர் இருப்பதைக் கண்டார்களா? விதியைச் சொன்னேன், வேறு என்ன செய்ய. எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடக்கூடாது. எல்லோரும் பாஸ்தான்.

"ஒண்ணும் எழுதாம வெள்ளப் பேப்பரு குடுத்தாலுமா?"

"குடுத்தாலும்தான்."

"வந்தாலும் பாஸு, வராட்டாலும் பாஸா?"

"ஆமா."

"பெறகு என்னத்துக்கு டீச்சர் என்னைய வரச் சொன்னிய?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டாள். பாயை மூலையில் வைத்தேன். எழுந்து நின்றேன். பெரியநத்தம் உயர்நிலைப் பள்ளியில் ஆறாவதும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. இசக்கி ஜூனில் ஆறாவது. அக்காளும் தம்பியும் ஒரே பள்ளி, ஒரே பஸ்.

"அந்த ஏழே முக்கால் பஸ்ஸுக்கு எத்தன படி?" என்றேன்.

"மூணு டீச்சர். மொதப் படிதான் ஒசரம்." உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை. "போன ஞாயித்துக்கெழம தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு ஏறிப் பாத்தேன். ஏறிட்டேன். எறங்கத்தான் ஒரு ஆளு பிடிக்கணும்."